அம்மாவுக்கு வந்த குயாஷீ

பந்தலுக்குள் ஈரச் சாக்கு வாடையும் தைல மரக் கம்பங்களின் வாடையும் கலந்து அடித்தன. காலையில் பெய்த மழையில் தரை சொதசொதவென்று கிடந்தது. கொடைக்கானல் சீசன் மலர்க் கண்காட்சியின் கடைசி நாள். மேடையில் எங்கள் பங்களா அம்மா வெள்ளிக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். பக்கத்தில் நின்ற என் அம்மா மட்டும் தட்டவில்லை. சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு, மேடையைப் பார்த்தபடியே ஒரு வார்த்தை சொன்னாள்.

“குயாஷீ.”

என் அம்மா வெள்ளையம்மாள் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். அந்தப் பங்களாவில் தோட்டக்காரி. இங்கிலீஷே அவளுக்கு ‘எஸ் மேடம்’ வரைக்கும்தான். அவள் வாயிலிருந்து ஒரு ஜப்பான் வார்த்தை வந்தது, அதுவும் வரவேண்டிய இடத்தில் வந்தது. நான் கைதட்டுவதை நிறுத்திவிட்டேன். வார்த்தையைக் கேட்டு அல்ல. அந்த வார்த்தைக்குரிய உணர்ச்சி அம்மாவுக்கு ஒருநாளும் வராது என்று நான் நம்பியிருந்தேன். வந்தால் எங்கள் குடியிருப்புக்கே ஆபத்து என்றும் எனக்குத் தெரியும்.

ஒரு தோட்டக்காரிக்கு ஜப்பான் பாஷை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பளிக் கடையைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். கடைக்காரர் நடராஜ அண்ணாச்சியை இங்கே மறுபடி கூப்பிட்டாக வேண்டும். வாலிபத்தில் ஜப்பானில் கோபே துறைமுகத்தில், துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கிளார்க்காக இருந்தவர். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது ஒரு ஜப்பான் பெண்ணைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தார். மதுரை வெயில் அந்த அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலையேறிவிட்டார்கள்.

அவர் பெயர் ஃபுமிகோ. எங்கள் ஊர் வாய்க்கு அது பூமியம்மா. மார்க்கெட்டில் கேட்டுக் கேட்டே தமிழ் படித்தவர். எல்லா வாக்கியத்தையும் ஒரு ‘ங்க’ போட்டு முடித்துவிட்டால் தப்பெல்லாம் மன்னிக்கப்படும் என்று நம்பினார். பெரும்பாலும் மன்னிக்கப்பட்டது.

அவர்கள் வீட்டுக்கும் எங்கள் பங்களாவுக்கும் நடுவே ஒரு வேலிதான். ‘எங்கள் பங்களா’ என்று பழக்க தோஷத்தில் எழுதுகிறேன். பங்களா சமவெளியிலிருந்து சீசனுக்கு வந்து போகும் ஒரு மில்காரக் குடும்பத்துடையது. நாங்கள் இருந்தது அதன் பின்னால் அவுட் ஹவுசில். அப்பா ஆறுமுகம் அங்கே மாலியாக, அதாவது தோட்டக்காரராக இருந்து, நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தார். பொம்பளைக்கு மாலி வேலை கொடுக்கிற வழக்கம் ஊரில் அப்போது இல்லை. பங்களா அம்மா கொடுத்தார். அந்த நன்றி அம்மாவுக்கு மலையளவு இருந்தது. எனக்கும் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வேலை போனால் வீடும் போய்விடும் என்பதால் என் நன்றியில் பயமும் கலந்திருந்தது.

முள்ளம்பன்றி செய்த வேலை

பூமியம்மாவுக்கு அவருடைய தங்கை ஜப்பானிலிருந்து முள்ளங்கி விதை அனுப்பியிருந்தாள். முழங்கை நீளத்துக்கு வளருகிற சாதி. அதைத் தவிட்டில் புதைத்து ஊறுகாய் போடுவார் பூமியம்மா. மாட்டுக்கு வைக்கிற தவிட்டிலா மனுசர் தின்கிற காயைப் புதைப்பது என்று அம்மாவுக்கு முதலில் குமட்டியது. பிறகு கிண்ணத்தோடு போய்க் கேட்டு வாங்கித் தின்றாள், அது வேறு விஷயம்.

ஒருநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. அம்மா களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். பின்னால் நான். முள்ளங்கிப் பாத்தி முழுக்க முள்ளம்பன்றி தோண்டிப் போட்டிருந்தது. முழு முள்ளங்கி ஒன்றுகூட மிச்சமில்லை. பூமியம்மா மண்ணிலே உட்கார்ந்து, கைகளை முஷ்டியாக மடக்கித் தொடையில் குத்திக்கொண்டு, ‘குயாஷீ, குயாஷீ’ என்று அழுதுகொண்டிருந்தார்.

ஊரில் யாராவது தவறிவிட்டார்களா என்று அம்மா அண்ணாச்சியிடம் பதறிக் கேட்டாள். முள்ளங்கி போனதற்குத்தான் என்று அவர் சொன்னதும் அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை.

“முள்ளங்கிக்கா இம்புட்டு அழுகை?”

அண்ணாச்சி அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லப் பார்த்தார். கோபம் என்றார். பூமியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினார். வருத்தம் என்றார். அதுவும் இல்லை. ஆத்திரம் என்றதற்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்பதுபோலக் கையைக் காட்டினார். வயிற்றெரிச்சல் என்றதும் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவரே சொன்னார்:

“நேத்தே புடுங்கியிருக்கலாங்க. இன்னும் ஒரு நாள் பெருக்கட்டும்னு நான்தாங்க விட்டேன். அது பன்னிங்க, அது திங்கும். நான் தோத்துட்டேங்க.”

பன்றியிடமா என்று கேட்டுவிட்டு அம்மா சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டாள். பூமியம்மா சிரிக்கவில்லை.

பின்னாளில் நான் இந்த வார்த்தையை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வயிற்றெரிச்சல் எதிராளியைப் பார்த்து எரிவது, அதில் நம் பங்கு எதுவும் கிடையாது. நம் பாஷையில் ஆற்றாமை என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. ஆனால் அது நம்மால் ஆகாத காரியத்துக்கு. குயாஷீ நம்மால் ஆகியிருக்கக்கூடிய காரியத்துக்கு. கைக்கு எட்டியிருந்தது, என் கை கொஞ்சம் தாமதித்தது, போய்விட்டது. அந்தக் காந்தல்தான் குயாஷீ.

சேரும், சேராது

புது வார்த்தை கிடைத்தால் புதுச் செருப்பு கிடைத்த மாதிரிதான், போகிற இடமெல்லாம் போட்டுக்கொண்டு போகத் தோன்றும். அம்மாவும் நானும் அதை எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்த்தோம். சேருமா சேராதா என்று தீர்ப்புச் சொல்வது பூமியம்மா.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அம்மா குயாஷீ என்றாள். அது வெறும் ‘அடச்சே’, அவ்வளவுதான் என்று தள்ளுபடி செய்தார்.

என் முறைமாமனுக்குக் கல்லூரி படித்த பெண்ணைக் கட்டி வைத்துவிட்டார்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் நின்றேன். அவனைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை இருந்ததா என்று கேட்டார். கொஞ்சமும் இல்லை என்றேன். அப்படியானால் இது வெறும் கௌரவம், குயாஷீ கிடையாது, போய்க் கல்யாணச் சாப்பாடு சாப்பிடு என்று அனுப்பிவிட்டார்.

பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவளின் கட்டுரையில் நான் யோசித்து, பெரியவர்கள் சிரிப்பார்களோ என்று எழுதாமல் விட்ட ஒரு விஷயம் இருந்தது. அதைச் சொன்னபோது பூமியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இதுதான், இதுவேதான் என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். மெடல் கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

தாயம் விளையாட அம்மாதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். தோற்றால் அவரை வீட்டுக்கு அனுப்புவது கடினம். இன்னொரு ஆட்டம் என்பார், அதிலும் தோற்பார், முகம் சிவந்து மறுபடி இன்னொரு ஆட்டம் என்பார். நாற்பது வயதுப் பொம்பளை இப்படி அடம் பிடிப்பதைப் பார்க்க அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒருநாள் தாயக் கட்டையை உருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அம்மா கேட்டாள்.

“எங்க வீட்டுக்காரரு போனப்ப எனக்கு வந்தது அதுவா பூமியம்மா?”

“இல்லைங்க அக்கா. அது துக்கங்க. சாவோட யாரும் போட்டி போட முடியாதுங்க.”

அம்மா தலையாட்டினாள். கட்டையை உருட்டினாள். அன்றைக்கு அவள்தான் தோற்றாள், வேண்டுமென்றே தோற்றாள் என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

உபயம்

அன்றே பூமியம்மா திருப்பிக் கேட்டார், அக்காவுக்குக் குயாஷீ எதுவுமே இல்லையா என்று. தனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்றாள் அம்மா. வருஷா வருஷம் மலர்க் கண்காட்சியில் டேலியாப் பூவுக்கான கோப்பை பங்களா அம்மா கைக்குப் போகிறதே, அதற்குக்கூட இல்லையா என்றார் பூமியம்மா.

கொடைக்கானலுக்கு வந்து பழகாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். அந்தக் காலத்துப் பங்களாக்காரர்கள் மே மாதம் மலையேறுவார்கள், ஜூன் மழைக்கு முன் இறங்கிவிடுவார்கள். மற்ற மாதங்களெல்லாம் தோட்டம் மாலியின் கையில். உறைபனிக்குச் சாக்குப் போர்த்துவதும், ஆலங்கட்டி விழுந்தால் ஓடிப்போய்க் குடை பிடிப்பதும், பக்க மொட்டுகளைக் கிள்ளி ஒரே மொட்டைத் தட்டு அகலத்துக்கு விரிய விடுவதும் அவன் பாடு. கண்காட்சியில் பூவுக்கு முன்னால் வைக்கிற அட்டையில் பங்களாவின் பெயரும் அதன் சொந்தக்காரர் பெயரும் இருக்கும். மாலிக்குப் புது வேட்டி கிடைக்கும். என் அம்மாவுக்குச் சேலை. இது அநியாயம் என்று யாரும் சொன்னதில்லை. மாலிகளே சொன்னதில்லை.

அப்பாவுக்கு இதில் ஒரு நியாயமே இருந்தது. அவர் பழனி அடிவாரத்துக்காரர். அவருடைய வீட்டில் முருகனுக்கு மாலை கட்டுவது பரம்பரைத் தொழில். மாலை கட்டுவது இவர்கள், ஆனால் அது மலைமேல் சாத்தப்படுவது காசு கொடுத்த உபயதாரர் பெயரில். கட்டியவன் பெயரைச் சாமி சந்நிதியில் யார் சொல்வார்கள்? பங்களாத் தோட்டமும் அப்படித்தான் என்பார் அப்பா. டேலியாக் கிழங்கு அவர்கள் பெங்களூரிலிருந்து வரவழைத்தது, மண் அவர்களுடையது, அப்படியானால் பூவும் அவர்களுடைய உபயம்.

அம்மா இதை அப்படியே பூமியம்மாவிடம் ஒப்பித்தாள். கேட்டுக்கொண்டே பூமியம்மா தாயக் கட்டங்களைச் சேலை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் பந்தல்

அந்த வருஷத்து டேலியா வேறு கதை.

அது பெங்களூர்க் கிழங்கில் வந்ததல்ல. அதற்கு முந்தைய வருஷம் அம்மா ஒரு விளையாட்டுக்காக, வாடிய பூவை வெட்டாமல் செடியிலேயே முற்ற விட்டு விதை எடுத்தாள். தீப்பெட்டியில் போட்டு வைத்து, உடைந்த தொட்டிகளில் விதைத்தாள். விதையில் வரும் டேலியா தாயைப்போல் வராது, ஒவ்வொன்றும் ஒரு தினுசாக வரும். பெரும்பாலும் சப்பையாகத்தான் வந்தன. ஒன்று மட்டும் மஞ்சளில் எழுந்து, இதழ் நுனியில் மட்டும் செம்மண் நிறம் தோய்ந்து நின்றது. அப்படி ஒரு டேலியாவை மலையில் யாரும் பார்த்ததில்லை.

நடுவராக வந்திருந்த வெள்ளைக்காரர் அதன்முன் குனிந்தவர் நிமிரவே இல்லை. மேடையில் கோப்பையைக் கொடுக்கும்போது, இந்தப் புது வகையை உண்டாக்கியவருக்கே பெயர் சூட்டும் உரிமை என்று மைக்கில் சொன்னார். பங்களா அம்மா சிரித்தபடி, தானே விதையிலிருந்து வளர்த்ததாகவும், தன் பேத்தி பெயரான ‘நளினி’யையே இதற்கு வைத்துவிட்டதாகவும் சொன்னார்.

அப்போதுதான் அம்மா அந்த வார்த்தையைச் சொன்னாள்.

பங்களா அம்மா கெட்டவர் அல்ல. தன் தோட்டத்தில் நடப்பதெல்லாம் தான் செய்வதுதான் என்று உண்மையிலேயே நம்பினார், அவ்வளவுதான். எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த பூமியம்மா, அம்மா பக்கத்தில் வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்பா செத்த அன்றைக்குப் பிறகு நான் பார்க்காத தண்ணீர்.

“எடுத்துக்கிட்டாங்கன்னு இல்ல சரோசா,” என்றாள் என்னிடம். “அதுக்கு ஒரு பேரு வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே. தெனமும் அது மூஞ்சியில முழிச்சேன். ஒரு நாளாவது தோணுச்சா?”

கேட்டது ஒன்றுதான்

மறுநாள் வெள்ளனே அம்மா குளித்துவிட்டு, பரிசாக வந்த புதுச் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு பங்களா அம்மாவைப் பார்க்கப் போனாள். நான் கெஞ்சினேன். வேலை போனால் எங்கே போய்க் குடியிருப்பது என்று கேட்டேன். அவள் அதற்குள் பங்களாப் படி ஏறிவிட்டாள்.

அவள் கேட்டது ஒன்றுதான். அடுத்த வருஷ அட்டையில் பங்களா அம்மா பெயருக்குக் கீழே தன் பெயரையும் சின்னதாகப் போட முடியுமா? பங்களா அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. தோட்டக்காரர் பெயரை யாராவது போடுவார்களா, ஊர் என்ன சொல்லும் என்று அன்பாகவே கேட்டார். கோபப்பட்டிருந்தால் அம்மா ஒருவேளை திரும்பி வந்து வேலையைப் பார்த்திருப்பாள். அன்பாகக் கேட்டதில்தான் இது ஒருநாளும் மாறாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சேலையை நாற்காலிமேல் வைத்தாள், கும்பிட்டாள், வந்துவிட்டாள்.

அட்டுவம்பட்டியில் ஓர் ஒற்றை அறையும் அதன் பின்னால் பாய் விரிக்கிற அகலத்தில் கொஞ்சம் மண்ணும் வாடகைக்குக் கிடைத்தன. பூமியம்மா தன் வீட்டிலேயே வந்து இருக்கச் சொன்னார். அம்மா மறுத்துவிட்டாள். வீட்டு வேலை முடிந்த நேரமெல்லாம் பூண்டுக் காட்டுக்குக் கூலிக்குப் போனாள். என் கம்பளிக் கடைச் சம்பளம்தான் அடுப்பு எரிய. எனக்கு அவள்மேல் இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பூவுக்காக நல்ல கூரையை விட்டுவிட்டு வந்தவள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நானும் அதையேதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் டேலியாவின் கிழங்கையாவது தோண்டி எடுத்து வந்திருக்கலாமே என்று ஒருநாள் கேட்டே விட்டேன். யார் கேட்கப் போகிறார்கள்?

“அது பங்களா மண்ணுல கெடக்கு. கெடக்கட்டும். வெதச்சது போக மிச்ச விதை நான் முடிஞ்சு வச்சது, அது போதும்.”

அந்தப் பாய் அகல மண்ணில் விதைத்தாள். பனிக்காலத்தில் எங்கள் போர்வையில் ஒன்று செடிகளுக்குப் போனது. நான் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கினேன்.

எந்தப் பங்களா?

அடுத்த மே மாதம், அதே கண்காட்சிப் பந்தல். பதிவு செய்யும் மேஜையில் இருந்தவர் தலையைத் தூக்காமலே, எந்தப் பங்களா என்று கேட்டார்.

“எந்தப் பங்களாவும் இல்லங்க.”

அவர் தலையைத் தூக்கினார். யாருடைய பூ என்று கேட்டார்.

“என்னோடது. வெள்ளையம்மா. அட்டுவம்பட்டி.”

அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பங்களா இல்லாதவர்கள் பூ வைக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. அப்படி ஒருவர் வருவார் என்று யாரும் நினைத்ததில்லை போலிருக்கிறது. அட்டையில் பெயரை எழுதினார்கள். அம்மா கொண்டுவந்தது வெள்ளை டேலியா. நடுவில் மட்டும் லேசாகப் பச்சை ஓடியிருந்தது. பெரிதில்லை, ஆனால் நல்ல பூ. பெயர் கேட்டார்கள். அம்மா யோசித்து வைத்திருந்தாள். ‘பூமி’ என்றாள். பக்கத்தில் நின்ற பூமியம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாலையில் முடிவு ஒட்டினார்கள். முதல் பரிசு நளினி. பங்களாவில் புது மாலி சேர்ந்திருந்தான், மண்ணில் அம்மா விட்டுவந்த கிழங்கு முளைத்து, போன வருஷத்தைவிட அகலமாகப் பூத்திருந்தது. இரண்டாவது யாரோ ஒரு கர்னல். அம்மாவுக்கு மூன்றாவது.

அம்மா தன் பூவிடம் போகவில்லை. நேராகப் போய் அந்த மஞ்சள் டேலியா முன்னால் நின்றாள். இதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் கையால் முளைத்தது, அவளையே தோற்கடித்துவிட்டு நின்றது. தோள் குலுங்கியது. என் மனசில் ஒரு வருஷமாகக் கிடந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது. போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பூமியம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு அவர் மட்டும் போய், மெதுவாகக் கேட்டார்.

“குயாஷீங்களா, அக்கா?”

“ஆமா,” என்றாள் அம்மா, கண்ணைத் துடைக்காமலே. “போன வருசத்துக் குயாஷீ பாதிதான் என்னோடது. இந்தத் தடவ முழுசும் என்னோடது.”

பிறகு தன் பூவுக்கு முன்னால் இருந்த அட்டையை எனக்குக் காட்டி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெளியே மழை விட்டிருந்தது. சீசன் கூட்டத்துக்காக ஏரிக்கரையில் வாடகைக் குதிரைகள் காலையிலிருந்தே சுற்றிக்கொண்டிருந்தன. பாதை நெடுகக் குதிரை லத்தி. டேலியாவுக்கு அதைவிட நல்ல எரு கிடையாது, பங்களா மாலிகள் சாக்கோடு வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு அவர்கள் எல்லோரும் இன்னும் பந்தலுக்குள்ளேயே இருந்தார்கள்.

“வெரசா வாங்க ரெண்டு பேரும்,” என்று அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். “அவங்க வர்றதுக்குள்ள நாம அள்ளிரணும்.”

பட்டுச் சேலை கட்டியிருந்த பூமியம்மாதான் முதலில் குனிந்தார்.